பதினாறில் முதுமகன்

‘செய்யும்போது வயது தெரியவில்லை, தண்டனை என்றதும் மட்டும் வயது வந்து நிற்கிறதா?’ சிறார் ஒருவர் கொடிய குற்றம் ஒன்றில் சிக்கிய செய்தி வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. தேநீர்க் கடையிலும் எழுகிறது. ஆசிரியர் ஓய்வறையிலும் எழுகிறது. கேட்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். பெரும்பாலும் பெற்றோர்கள், மாண்டுபோன குழந்தையின் இடத்தில் தம் குழந்தையை வைத்துப் பார்த்து நடுங்கியவர்கள். ஆகவே இக்கேள்வியை எள்ளி ஒதுக்குதல் முறையன்று. அதனுள் நியாயமான வேதனை ஒன்று இருக்கிறது. ஆயினும், வேதனை நியாயமானது என்பதனாலேயே அதிலிருந்து பிறக்கும் சட்டமும் நியாயமானதாகிவிடுமா என்பதைத் தனியே ஆராய வேண்டும்.

16 வயது நிறைந்த சிறார்களை, சாட்டப்பட்ட குற்றம் கொடியதாயின், வயது வந்தோரைப் போல விசாரிக்கலாம் என்னும் ஏற்பாடு இந்தியாவில் 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த ஏற்பாடு எப்படி வந்தது, என்ன செய்கிறது, யாரைப் பிடிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பவற்றை இலக்கிய அன்பர்களாகிய நாமும் சற்று எண்ணிப் பார்க்கலாம். சட்ட நுணுக்கம் வழக்கறிஞர்களுடையது. ஆனால், ‘சிறுவன்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது சொற்களோடு வாழ்கிற எல்லோருக்கும் உரிய கேள்வி.

*

2012 டிசம்பர் 16 இரவு தில்லியில், ஓடும் பேருந்தில் இளம்பெண் ஒருவருக்கு நேர்ந்த கொடுமையை யாரும் மறந்திருக்க முடியாது. கைதான அறுவரில் ஒருவருக்கு 18 வயது நிறையச் சுமார் ஆறு மாதங்கள் இருந்தன. அப்போது நடைமுறையில் இருந்த 2000ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எவரையும் மூன்றாண்டுகளுக்கு மேல் இல்லத்தில் வைக்க இடம் தரவில்லை. 2013 ஆகஸ்டில் அவருக்கு விதிக்கப்பட்டது அந்த மூன்றாண்டுதான். நாடு கொதித்தது.

அக்கொதிப்பின் நடுவே நிதானமாகப் பேசிய குரல்களும் இருந்தன. நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு 2013 ஜனவரியில் அளித்த அறிக்கையில், சிறார் என்பதற்கான வயதை 16ஆகக் குறைக்க வேண்டியதில்லை என்று கூறியது. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராகக் கடுமையான திருத்தங்கள் பலவற்றைப் பரிந்துரைத்த அதே குழுதான் இதையும் கூறியது என்பதை நாம் கவனிக்க வேண்டும். 2013 ஜூலையிலும் 2014 மார்ச்சிலும் உச்ச நீதிமன்றம் 18 என்ற எல்லையை மாற்ற மறுத்தது. புதிய மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2015 பிப்ரவரியில் அதன் மையமான ஏற்பாட்டை ஏற்கவில்லை.

மக்களவை 2015 மே மாதம் நிறைவேற்றிய மசோதா, மாநிலங்களவையில் ஏழு மாதங்கள் காத்துக் கிடந்தது. டிசம்பர் 20ஆம் நாள், மூன்றாண்டு முடிந்து அந்த இளைஞர் விடுவிக்கப்பட்டார். டிசம்பர் 22ஆம் நாள் மசோதா நிறைவேறியது. ஏழு மாதங்கள் அசையாத தேர் இரண்டே நாளில் நிலைக்கு வந்தது. குற்றம் நிகழ்ந்த பிறகு இயற்றப்பட்ட தண்டனையைப் பின்னோக்கிச் செலுத்த அரசியல் சாசனம் இடம் தராது. ஆகவே எவரை மனத்தில் வைத்து இச்சட்டம் இயற்றப்பட்டதோ அவர்மீது இது பாயவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற, முகமறியாத பிள்ளைகள்மீது பாய்ந்தது.

*

சட்டம் சொல்வது இதுதான். ஏழாண்டோ அதற்கு மேலோ குறைந்தபட்சத் தண்டனை உடைய குற்றம் ‘கொடுங்குற்றம்’. 16 வயது நிறைந்த சிறார்மீது அத்தகைய குற்றம் சாட்டப்பட்டால், இளஞ்சிறார் நீதி வாரியம் மூன்று மாதங்களுக்குள் முதல்நிலை மதிப்பீடு ஒன்றை நடத்த வேண்டும். அக்குற்றத்தைச் செய்வதற்கான மன வலிமையும் உடல் வலிமையும் அவருக்கு இருந்தனவா, விளைவுகளைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் அதைச் செய்ததாகச் சொல்லப்படுகிறது என்பவற்றை வாரியம் பார்க்கும். பார்த்த பின், வயது வந்தோரைப் போல விசாரிக்கத் தக்கவர் என்று கருதினால், வழக்கைச் சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பும். அந்நீதிமன்றமும் அவ்வாறே கருதினால் விசாரணை அதன்படி நடக்கும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் 21 வயது வரை பாதுகாப்பிடத்தில் வைத்து, பின்னர் திருந்தியிருக்கிறாரா என்று பார்த்து, இல்லையென்றால் சிறைக்கு அனுப்பலாம். மரண தண்டனையும், விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் மட்டும் கூடா.

இந்த ஏற்பாட்டின் வாசகத்தை ஓர் இலக்கண மாணவன் படிக்கிற முறையில் படித்துப் பாருங்கள். குற்றம் ‘செய்ததாகச் சொல்லப்படுவது’. அதாவது இன்னும் மெய்ப்பிக்கப்படாதது. இந்த மதிப்பீடு விசாரணை அன்று என்று சட்டமே விளக்கமும் தருகிறது. எனில், ஒரு செயலைச் செய்தாரா இல்லையா என்று முடிவாகாத ஒருவரிடம், அச்செயலைச் செய்த நாளில் அவர் மனம் எப்படி இருந்தது என்று எவ்வாறு ஆராய்வது? எழுவாய் உறுதிப்படுமுன் பயனிலையை எழுதுவது போன்றது இது. செய்யவில்லை என்று சொல்லுகிற பிள்ளையிடம், ‘செய்தபோது விளைவு உனக்குத் தெரியுமா’ என்று கேட்டால் அவன் என்ன மறுமொழி சொல்வான்?

உடல் வலிமை, மன வலிமை என்ற அளவுகோலும் சுற்றிச் சுற்றி வருவதே. செய்தான் என்று வைத்துக்கொண்டால், செய்யும் வலிமை இருந்தது என்பது தானே பெறப்படும். கத்தியைத் தூக்கியவனிடம் கத்தியைத் தூக்கும் வலு இருந்தது என்பதைக் கண்டறிய வாரியம் எதற்கு?

இன்னொரு முரணும் உண்டு. இதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு, 18 வயது வரை எந்தக் குழந்தையும் தீய நோக்கமோ குற்ற மனமோ அற்றது என்றே கொள்ளப்படும் என்பதை அடிப்படை நெறிகளுள் ஒன்றாகக் கூறுகிறது. பதினைந்தாம் பிரிவோ 16 வயதுக் குழந்தையின் மனத்துக்குள் அதே குற்ற மனத்தைத் தேடச் சொல்கிறது. ஒரு நூலின் பாயிரமும் நூலும் இவ்வாறு ஒன்றையொன்று மறுத்தால் அந்நூலை நாம் என்ன சொல்வோம்?

‘முதிர்ச்சி’ என்ற கருத்து நம் குற்றவியல் சட்டத்துக்குப் புதிதன்று. ஏழு வயதுக்கு மேல் 12 வயதுக்குட்பட்ட குழந்தை, தன் செயலின் தன்மையை அறியும் முதிர்ச்சி பெற்றிராவிட்டால் அது குற்றமாகாது என்று பழைய இந்திய தண்டனைச் சட்டம் கூறியது. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே கூறுகிறது. அங்கே முதிர்ச்சி பற்றிய கேள்வி குழந்தையைக் காக்கும் குடை. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் அக்குடையே கோலாக மாறிவிட்டது.

*

நம் இலக்கியம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். சிறுவர்கள் பெரியவர்களின் செயலைச் செய்யக்கூடும் என்பதைத் தமிழ் மறுத்ததே இல்லை. புறநானூற்றின் 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார், தலையாலங்கானத்துப் போரில் வென்ற நெடுஞ்செழியனைப் பார்த்து வியக்கிறார். பகைவர்களை அழித்துத் தேர்மேல் நிற்கிற அவனுடைய உடம்பில், குழந்தைப் பருவத்தின் அணி இன்னும் கழற்றப்படாமல் இருப்பதை அவர் கண்கள் காண்கின்றன. செயல் பெரியது, செய்தவன் சிறுவன் என்ற இரண்டையும் ஒருசேரக் காண்பதில்தான் அந்தப் பாட்டின் உயிர் இருக்கிறது. செயல் பெரியது என்பதற்காக அவனைப் பெரியவன் என்று சொல்லிவிட்டால் அங்கே பாட்டே இல்லை. நான் சொல்ல வருவதும் இதுவே: செயலின் கொடுமை, செய்தவனின் வயதைக் கூட்டாது.

பாட்டியல் நூல்களும் நினைவுக்கு வருகின்றன. உலா இலக்கியத்துக்குரிய பெண்களின் ஏழு பருவங்களை நம்மில் பலர் அறிவோம். ஆண்களுக்கும் பருவங்கள் வகுத்துள்ளது பன்னிரு பாட்டியல். பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்று அது செல்கிறது. 14, 15, 16 வயதுகளுக்கு ஆண்டுக்கு ஒரு பெயராக அந்நூல் வேறு வேறு பெயர் தருகிறது. பதினாறில் காளை, அதன் பின் 30 வரை விடலை, அதையும் கடந்தவனே முதுமகன். பெயர் வைத்தவர்கள் உளவியல் கற்றவர்கள் அல்லர். ஆயினும், அந்தச் சில ஆண்டுகளில் ஒரு பிள்ளை ஆண்டுக்கு ஆண்டு வேறொருவனாக மாறுகிறான் என்பதும், பதினாறுக்கும் முழு வளர்ச்சிக்கும் நடுவே நெடிய தொலைவு இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. பதினைந்தாம் பிரிவு காளையைத் தூக்கி ஒரே தாவலில் முதுமகன் ஆக்குகிறது.

ஆண்டுதோறும் கல்லூரியின் முதலாண்டு வகுப்புக்குள் வருகிறவர்களில் பெரும்பாலோர் 17 வயதினர். அவர்களுடைய சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையொப்பம் வேண்டும். அவர்கள் வாக்களிக்க முடியாது. ஒப்பந்தம் செய்ய முடியாது. கார் ஓட்ட உரிமம் பெற முடியாது. இவை எல்லாவற்றுக்கும் அவர்களிடம் போதிய நிதானம் இல்லை என்று சொல்கிற அரசு, சிறைக்கு மட்டும் போதிய நிதானம் இருக்கிறது என்கிறது. தனியே இருக்கும்போது பசுவாக இருக்கிற பிள்ளை, நால்வர் சேர்ந்தால் என்ன செய்கிறான் என்பதை ஆசிரியர்கள் அனைவரும் அறிவோம். அந்த வயதில் நண்பர் கூட்டத்தின் பார்வைதான் விளைவைப் பற்றிய அறிவை அணைத்துவிடுகிறது. விளைவு தெரியுமா என்று நான்கு சுவருக்குள் உட்கார வைத்துக் கேட்டால் எல்லாப் பிள்ளையும் தெரியும் என்றே சொல்வான்.

*

இம்மதிப்பீடு எவ்வளவு வழுக்கலான தரை என்பதைக் குருகிராம் வழக்கு காட்டியது. 2017 செப்டம்பரில் அங்கே ஒரு பள்ளியில் ஏழு வயது மாணவன் கொல்லப்பட்டான். மாநிலக் காவல்துறை முதலில் பள்ளிப் பேருந்தின் நடத்துநரைக் கைது செய்தது. அவர் ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் அறிவித்தது. பின்னர் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. அத்துறை அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கைது செய்தது. நடத்துநர் 2018இல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்ட ஒரு பெரியவர் விஷயத்திலேயே உறுதி இப்படி உருண்டோடியது என்றால், 16 வயதுப் பிள்ளையின் அன்றைய மனத்தைப் பற்றிய உறுதியை எங்கிருந்து பெறுவது? அந்த மாணவனின் மதிப்பீடு தொடர்பாக 2022 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இது மிக நுட்பமான பணி என்றும், வாரியத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ பயின்றவர் இல்லாதபோது வல்லுநர்களின் துணையைக் கட்டாயம் பெற வேண்டும் என்றும் கூறியது. ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்டது வாரியம். அதற்கு முந்தைய ஆறரை ஆண்டுகளில், துணையின்றி எத்தனை மனங்கள் அளக்கப்பட்டனவோ!

வயதைப் பாராமல் தண்டித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே கண்முன் சான்றுகள் உண்டு. 1994இல் புனேயில் கர்ப்பிணி ஒருவர் உட்பட எழுவர் கொல்லப்பட்ட வழக்கில், வயது வந்தவராகவே கொள்ளப்பட்டு மரண தண்டனை பெற்ற ஒருவரை, 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவருடைய பள்ளிச் சான்றின்படி குற்றம் நடந்தபோது அவருக்கு வயது 12. சிறையில் கழிந்தவை 28 ஆண்டுகளுக்கு மேல். அதே 1994இல் டேராடூனில் நடந்த கொலை வழக்கு ஒன்றில் மரண தண்டனை பெற்று, 2012இல் குடியரசுத் தலைவரால் அது குறைக்கப்பட்ட இன்னொருவர் 2025 ஜனவரியில் விடுதலையானார். குற்றம் நடந்தபோது அவருக்கு வயது 14. தம் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருந்தார் என்பதே அவர் வயது வந்தவர் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டிருந்தது. இவ்விருவர்மீது சாட்டப்பட்ட குற்றங்கள் கொடியவை, அதில் ஐயமில்லை. அந்தக் கொடுமையின் ஒளியில் நீதிமன்றங்களின் கண் கூசியது. எதிரே நின்றவனின் வயது கண்ணுக்குத் தெரியவில்லை.

*

இச்சட்டத்தின் வலையில் எது விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2024 மே 19 அதிகாலை புனே நகரில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் விலையுயர்ந்த கார் மோதி, மென்பொருள் பொறியாளர்கள் இருவர் இறந்தனர். சில மணி நேரத்தில் பிணை கிடைத்தது; சாலை விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று. இரத்த மாதிரியை மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டில் மருத்துவர்களும் பெற்றோரும் கைதாயினர். வயது வந்தவராக விசாரிக்க வேண்டும் என்ற காவல்துறையின் கோரிக்கையை வாரியம் 2025 ஜூலையில் ஏற்க மறுத்தது. மரணம் விளைவிக்கும் குற்றமே ஆனாலும், கொலையாகாத மரணத்துக்குச் சட்டத்தில் ஏழாண்டுக் குறைந்தபட்சத் தண்டனை இல்லை. அத்தகைய குற்றம் ‘கொடுங்குற்றம்’ ஆகாது என்று தில்லியின் கார் விபத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியிலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

இதன் மறுபக்கத்தைத் தமிழ்நாட்டில் நாம் அடிக்கடி காண்கிறோம். 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் விரும்பி வீட்டை விட்டுப் போகிறார்கள். பெண்ணின் வீட்டார் புகார் கொடுக்கிறார்கள். பெண்ணுக்கு 18 நிறையாதவரை அவள் சம்மதத்துக்குச் சட்ட மதிப்பு இல்லை. ஆகவே போக்சோ சட்டம் பாய்கிறது. அதன் பாலியல் வன்புணர்வுப் பிரிவுக்குக் குறைந்தபட்சத் தண்டனை 2019 முதல் பத்தாண்டு. எனவே அது ‘கொடுங்குற்றம்’. பையனை வயது வந்தவனாக விசாரிக்க வழி திறந்துவிடுகிறது. இத்தகைய காதல் வழக்குகளின் துயரத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019லும் 2021லும் எடுத்துக் கூறியிருக்கிறது. காரோட்டி இருவரின் உயிர் போனால் அது கொடுங்குற்றம் ஆகவில்லை; காதலித்து ஊரை விட்டுப் போனால் ஆகிறது. பெரும் கொடியவர்களுக்கென்று வெட்டப்பட்ட குழியில் யார் விழக்கூடும் என்று பாருங்கள்.

புனேச் சிறுவனையும் வயது வந்தவனாக விசாரித்திருக்க வேண்டும் என்பது என் வாதமன்று. பணத்துக்கு ஒரு நீதி, ஏழைக்கு ஒரு நீதி என்ற மக்களின் சினம் முற்றிலும் நியாயமானது. ஆனால் அதற்குத் தீர்வு, இரத்த மாதிரி மாற்றப்படாதபடி பார்த்துக்கொள்வதும், வண்டிச் சாவியைப் பிள்ளை கையில் கொடுக்கும் பெரியவர்களைத் தண்டிப்பதும்தான். எல்லாப் பிள்ளைகளையும் சிறைக்கு அனுப்பும் சட்டம் வந்தால், வழக்கறிஞர் வைக்க வசதியுள்ளவன் அப்போதும் வெளியே வருவான். இல்லாதவன் உள்ளே இருப்பான்.

இவ்விடத்தில் மனுநீதிச் சோழனை யாரேனும் துணைக்கு அழைப்பார்கள். கன்றின் உயிருக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட நாடு இது என்பார்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலையும் உண்டு. ஆனால் அந்தக் கதையின் பெருமை எதில் இருக்கிறது? அவன் தன் மகன்மீது தேரை ஏற்றினான். நாம் கேட்பதோ பிறர் மகன்மீது ஏற்றச் சொல்லி. மேலும், பெரியபுராணத்தில் இறுதியில் இறைவன் தோன்றி, கன்றையும் மகனையும் இடையில் உயிர்விட்ட அமைச்சனையும் மீட்டுத் தருகிறான். 28 ஆண்டுகள் சிறையில் இருந்தவருக்கு அந்த ஆண்டுகளை மீட்டுத் தர எந்த நீதிமன்றத்தாலும் இயலவில்லை.

*

இதுவரை சொன்னவை எளியவை. கடினமான இடம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 17 வயதுத் தலித் மாணவன் ஒருவனையும் அவனைக் காக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்களாகக் கைது செய்யப்பட்டவர்கள் அவனோடு படித்த பள்ளி மாணவர்கள். அந்தக் குடும்பத்தின் முன் சென்று, ‘வெட்டியவர்கள் சிறுவர்கள்’ என்று சொல்ல யாருக்கு நா எழும்? வெட்டுப்பட்டவர்களும் சிறுவர்கள்தாம். சாதி வன்முறைக்கு ஆளானவர்கள், இம்முறையாவது கடும் தண்டனை கிடைக்கட்டும் என்று கேட்பதில் நூற்றாண்டுகளின் நியாயம் இருக்கிறது.

ஆயினும் கேட்கிறேன்: பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் அந்தப் பிள்ளைகளை நிறுத்தியிருந்தால் விசாரணை எதைப் பற்றியதாக இருக்கும்? அன்றிரவு யார் கையில் அரிவாள் இருந்தது என்பதோடு அது முடிந்துவிடும். அரிவாளுக்கு முன்னமே அந்தக் கைகளில் வண்ணக் கயிறு கட்டியவர்கள் யார், எந்தத் திண்ணையில் அந்தப் பெருமை ஊட்டப்பட்டது, பள்ளி ஏன் கண்டும் காணாமல் இருந்தது என்பவை அந்த நீதிமன்றத்தின் கேள்விகள் அல்ல. அந்நிகழ்ச்சிக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி ஒட்டுகள் முதல் கையில் கட்டும் கயிறுகள் வரை பேச நேர்ந்தது இதனால்தான். பிள்ளைகளைப் பெரியவர்கள் என்று அறிவித்துவிட்டால், உண்மையான பெரியவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம்.

தண்டனையே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. மூன்றாண்டு என்ற வரம்பு சில குற்றங்களுக்குப் போதாது என்னும் வாதம், எதிர்த்தரப்பின் வாதங்களுள் மிக வலிமையானது. அதை நான் ஏற்கிறேன். ஆனால் அவ்வரம்பை நீட்டுவதற்குப் பிள்ளையைப் பெரியவனாக்க வேண்டியதில்லை. ஜெர்மனியில் 14 முதல் 17 வயது வரையுள்ளோர் எக்குற்றம் செய்தாலும் இளையோர் நீதிமன்றத்திலேயே விசாரிக்கப்படுகிறார்கள். அதிகபட்சத் தண்டனை பத்தாண்டு. பெரியவர்களின் சட்டத்துக்கு அவர்களை மாற்றும் வழியே அங்கில்லை. மாறாக, 18 முதல் 20 வயது வரையுள்ளோரின் மனவளர்ச்சி சிறாரை ஒத்திருந்தால், அவர்களுக்கும் இளையோர் சட்டத்தைப் பொருத்தலாம். முதிர்ச்சி பற்றிய கேள்வியை அவர்களும் கேட்கிறார்கள்; கைதூக்கி விடுவதற்காகக் கேட்கிறார்கள்.

அமெரிக்கா நேர் எதிர்த்திசையில் சென்று பார்த்த நாடு. 1990களில், இரக்கமற்ற ‘மாபெரும் வேட்டையர்’ தலைமுறை ஒன்று வரப்போகிறது என்று அறிஞர் ஒருவர் அச்சமூட்ட, மாநிலம் மாநிலமாகச் சிறார்களைப் பெரியவர்களின் நீதிமன்றங்களுக்குத் தள்ளும் சட்டங்கள் பெருகின. அந்தத் தலைமுறை வரவேயில்லை; சிறார் குற்றங்கள் குறைந்தன. அப்படித் தள்ளப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் பணிக்குழு, சிறார் முறையிலேயே வைக்கப்பட்டவர்களைவிட அவர்களே மீண்டும் வன்குற்றங்களில் அதிகம் ஈடுபட்டார்கள் என்று 2007இல் அறிவித்தது. சிறை, பிள்ளைக்குப் பெரியவனாகக் கற்றுக்கொடுத்துவிட்டது. எந்தப் பெரியவனாக என்பதுதான் சிக்கல். 17இல் உள்ளே போகிறவன் 27இலோ 30இலோ வெளியே வருவான். அவன் வந்து குடியேறப் போவது நம் தெருவில்தான்.

ஆகவே பதினைந்தாம் பிரிவை நீக்கிவிட்டு, குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பிறகு, மிகக் கொடிய குற்றங்களுக்கு மட்டும், சிறார் முறைக்குள்ளேயே நீண்ட காலம் வைத்திருக்கவும், ஆண்டுதோறும் வல்லுநர் ஆய்வு செய்யவும் வழி காண்பதே நேரிய பாதை என்று கருதுகிறேன். பாதிக்கப்பட்டவர்களின் குரலுக்கும் அவர்களின் பாதுகாப்புக்கும் அந்த ஆய்வில் இடமிருக்க வேண்டும்.

அதற்கு முதலில் நம் இல்லங்கள் இல்லங்களாக இருக்க வேண்டும். இந்தியாவில் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் முதன்முதலில் இயற்றியது சென்னை மாகாணம், ஆண்டு 1920. அந்தப் பெருமையை மேடைகளில் சொல்லிக்கொள்கிற நாம், 2022 டிசம்பர் 31ஆம் நாள் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பேட்டரி திருடியதாகக் கொண்டுவரப்பட்ட 17 வயதுச் சிறுவன் அங்கே இறந்தான்; அடித்தார்கள் என்று இல்லத்தின் பணியாளர்கள் அறுவர் கைதானார்கள். அவன்மீது சாட்டப்பட்டது கொடுங்குற்றமும் அன்று. அந்தச் சாவுக்காக எந்தத் தலைநகரத்திலும் மெழுகுவத்தி ஏற்றப்படவில்லை. எந்த அவையும் இரண்டு நாளில் சட்டம் இயற்றவில்லை.

நாட்டில் பதிவாகும் குற்றங்களில் சிறார்மீது பதிவாகுபவை ஆண்டுதோறும் ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருக்கின்றன. எஞ்சிய 99 விழுக்காட்டைச் செய்கிறவர்கள், சட்டப்படி முழு முதிர்ச்சி பெற்ற பெரியவர்கள். ‘செய்யும்போது வயது தெரியவில்லையா’ என்ற கேள்வியை அவர்களிடம் கேட்டுப் பழகுவோம்.